என் கையால் கொடுத்த மாத்திரை

அக்காவின் கால் வீங்கியிருந்ததை முதலில் பார்த்தவள் நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வீட்டுக்கு மீன் குழம்பு கொண்டுபோயிருந்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கால் செருப்பைக் கழற்ற முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். கழற்றிய பிறகும் செருப்பின் வார் பதிந்த தடம் புறங்காலில் பள்ளமாகத் தெரிந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். அழுத்திய இடம் குழியாகி, மேலே வராமல் அப்படியே நின்றது.

"நாளெல்லாம் நின்னுகிட்டே வேல செஞ்சா வீங்காம என்னா பண்ணும்? படுக்கும்போது காலுக்குத் தலகாணி வெச்சிப் படு" என்றேன்.

நான் டி.பார்ம் படித்தவள். பாலக்கரைப் பக்கத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் அப்போது ஒன்பது வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். குழி விழும் வீக்கம் என்றால் என்னவென்று படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறேன். அது அன்றைக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. கண்ணெதிரே இருந்தது என் அக்காவின் கால். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

அக்கா என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். சிட்கோ தொழிற்பேட்டையில் கரன்ட் பீஸ் கட்டை செய்கிற ஒரு செராமிக் கம்பெனியில் அவளுக்கு வேலை. மண்ணில் அச்செடுத்துக் காயவைத்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பளபளப்புப் பூச்சான கிளேஸ் தொட்டியில் முக்கி எடுத்துப் பலகையில் அடுக்க வேண்டும். பிறகு அவை சூளைக்குப் போகும். மாமாவுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. அவர் சூளைப் பக்கம். இருவரும் ஒரே சைக்கிளில் போய் ஒரே சைக்கிளில் திரும்புவார்கள். நாற்பது வயதில் அக்காவுக்குச் சுகர் வந்தது. ஜி.எச்சில் கொடுத்த மாத்திரையைப் போட்டாள். அது அவள் வயிற்றைக் கலக்கியது. தொட்டியடியில் நிற்கிறவள் நடுவில் நடுவில் ஓட முடியுமா? ஒரு நாள் போடுவாள், இரண்டு நாள் விடுவாள். லேப்பில் ரத்தம் கொடுத்தால் சுகர் முந்நூறுக்குக் கீழே இறங்காது.

"லீவு போட்டுட்டு ஒரு நல்ல டாக்டரப் பாரேன்க்கா" என்று நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன்.

"நீதான் வூட்டுலயே ஒரு டாக்டரு இருக்கியே" என்பாள். கேட்க எனக்குப் பெருமையாக இருக்கும். அதை இப்போது ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கால் வீங்குவதற்குச் சில மாதம் முன்பு, எங்கள் கடையில் சுகருக்கு ஒரு புது மாத்திரை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. மருந்துக் கம்பெனி ரெப் வரும்போதெல்லாம் அதைப் பற்றியே பேசுவார். வயிற்றைத் தொந்தரவு செய்யாது, சுகர் ஒரேயடியாக இறங்கி மயக்கமும் வராது என்பார். ஊரில் டாக்டர்கள் நிறையப் பேர் எழுதினார்கள். மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு பாய் வருவார். இருபது வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பியவர், ஐம்பது வயது, வாட்டசாட்டமான ஆள். அந்த மாத்திரை ஆரம்பித்து மூன்று மாதம் கழித்து லேப் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"பாரும்மா, எம்மாம் எறங்கியிருக்குது. இத்தன வருசத்துல இப்படி நான் பாத்ததே இல்ல" என்று கவுன்டர் மேல் காகிதத்தை விரித்துவைத்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அக்கா ஞாபகம்தான் வந்தது.

அன்று சாயங்காலமே இரண்டு அட்டை எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். யாரும் எழுதிக்கொடுத்த சீட்டு இல்லை. அது இரண்டாயிரத்து ஆறாம் வருடம், வைகாசி மாதம். "காலையில ஒண்ணு, வயித்த ஒண்ணும் பண்ணாது" என்று சொன்னேன்.

ஒன்றும் பண்ணவில்லைதான். ஆறு வாரத்தில் சுகர் பாதிக்குப் பாதி இறங்கியது. அக்கா ரிப்போர்ட்டைத் தெருவில் எல்லோருக்கும் காட்டினாள். என் தங்கச்சி கொடுத்த மாத்திரை என்று சொல்லிக் காட்டினாள். ஒட்டிக் கிடந்த கன்னம் உப்பியது. உடம்பு போட்டது. கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்கள் "என்னா, இப்பதான் பாக்க லட்சணமா இருக்கற" என்றார்களாம். ரவிக்கையைப் பிரித்துத் தைத்துக்கொண்டாள். மாமாவுக்குக்கூடச் சந்தோஷம். அது சதையில்லை, தண்ணீர் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கால் வீங்கியது. நான் தலையணை வைக்கச் சொன்னேன். படுத்தால் இருமல் வந்தது. இருமல் டானிக் கொடுத்தேன். சிட்கோவில் பவுடர் தூசிதானே, அதனால்தான் என்றேன். சைக்கிளில் இருந்து இறங்கி மேட்டில் நடக்கும்போது மூச்சு வாங்கியது. சத்துக் குறைவு என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தேன். அவள் என்ன சொன்னாலும் அதற்கு என் அலமாரியில் ஒரு மருந்து இருந்தது. அவள் எதையும் மறுக்காமல் போட்டுக்கொண்டாள்.

ஐப்பசியில் ஒரு நாள், மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. காலை பதினொரு மணி இருக்கும். கடை போன் அடித்தது. மாமா. அவர் போனில் பேசி நான் அதுவரை கேட்டதே இல்லை.

"ஒங்கக்காவுக்கு மூச்சே வர மாட்டேங்குது. நீ சீக்கிரம் வா."

ஆட்டோ பிடித்துப் போனேன். கிளேஸ் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, வாயைத் திறந்து, மீன் மாதிரி காற்றைக் கவ்விக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கையில் முழங்கை வரைக்கும் வெள்ளைக் கிளேஸ் காய்ந்து ஒட்டியிருந்தது. சுற்றி நின்ற பெண்கள் அவளைப் படுக்கவைக்கப் பார்த்தார்கள். அவள் அவர்கள் கையைத் தட்டித் தட்டி விட்டாள்.

"படுக்க... வெக்காதீங்க" என்றாள். இரண்டு சொல் பேச இரண்டு மூச்சு தேவைப்பட்டது. நெஞ்சுக்குள் கொதிக்கிற தண்ணீர் மாதிரி சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

ஜி.எச்சில் ஆக்சிஜன் வைத்து ஊசி போட்டார்கள். நெஞ்சில் தண்ணீர் கோத்திருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்தார்கள். புதுச்சேரி போய்ச் சேர்வதற்குள் அந்த ஊசியில் கொஞ்சம் சிறுநீர் பிரிந்து அவளுக்கு மூச்சு சற்று லேசானது. மாமா அவள் முதுகைத் தாங்கிப் பிடித்தபடியே வந்தார். நான் எதிரே உட்கார்ந்து அவள் விரல் நகத்தின் நிறத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அங்கே பார்த்தது ஒரு பெண் டாக்டர். என் வயதுதான் இருக்கும். எடுத்துக்கொண்டிருக்கும் மருந்தெல்லாம் காட்டுங்கள் என்றார். அக்காவின் கூடையில் இருந்த பிளாஸ்டிக் பையை மாமா எடுத்து மேஜையில் கொட்டினார். இருமல் டானிக், இரும்புச் சத்து, ஜி.எச் மாத்திரை, புது மாத்திரை. டாக்டர் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அந்த அட்டையை மட்டும் கையில் எடுத்தார்.

"இத யாரு எழுதிக் குடுத்தாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முகத்தில் இருந்த மாஸ்க்கை ஒரு விரலால் விலக்கினாள்.

"சீட்டு... தொலஞ்சி போச்சிங்க" என்றாள்.

மூச்சு விட முடியாத நிலையில், இருக்கிற மூச்சைச் செலவழித்து அவள் எனக்காகப் பொய் சொல்கிறாள். அப்படியென்றால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. டாக்டர் அந்த அட்டையை எடுத்த விதத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சீட்டு இல்லிங்க மேடம். நாந்தான் குடுத்தேன். மெடிக்கல் ஷாப்புல இருக்கறேன்" என்றேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. "இதுக்கு முன்னாடி இவங்களுக்கு ஹார்ட்ல ஏதாவது பிரச்சினை இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்லவே இல்லிங்க" என்று நானும் மாமாவும் ஒரே குரலில் சொன்னோம். அந்த விஷயத்தில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஒரு நாள்கூட அவள் நெஞ்சு வலி என்று சொன்னதில்லை.

ஈ.சி.ஜி எடுத்தார்கள். எக்கோ பார்த்தார்கள். மறுநாள் காலை டாக்டர் எங்கள் இருவரையும் வெளியே கூப்பிட்டார்.

"இவங்களுக்கு ஏற்கெனவே ஒரு ஹார்ட் அட்டாக் வந்துட்டுப் போயிருக்குது. இதயத்துல ஒரு பக்கம் சரியா சுருங்கல. பழைய தழும்பு" என்றார்.

மாமா சிரித்துவிட்டார். சிரிப்பு என்று அதைச் சொல்லலாமா தெரியவில்லை. வேறு யாருடைய ரிப்போர்ட்டையோ மாற்றிச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார். "அட்டாக் வந்தா தெரியாதுங்களா டாக்டரம்மா? ஆளு சுருண்டு வுழுந்துருவாங்களே" என்றார்.

"சுகர் ரொம்ப நாளா கட்டுப்படாம இருந்தா நரம்பு மழுங்கிப் போயிடும். வலி தெரியாமலே அட்டாக் வரும். அதுலயும் பொம்பளைங்களுக்கு நெஞ்சு வலியா வராம, வாந்தி, வேர்வை, அசதின்னு வந்துட்டுப் போயிடும். கேஸ்னு நெனச்சிக்குவாங்க. அப்படி ஏதாவது ஞாபகம் இருக்குதா?"

எனக்கு ஞாபகம் வந்தது.

அந்த வருடத்து மாசி மகம். கோவிலைச் சுற்றிக் கூட்டம் நெரிகிறது. மணிமுத்தாற்றுப் பக்கம் நடந்து வரும்போது அக்கா சட்டென்று ஓரமாக உட்கார்ந்தாள். முகம் வெளுத்து, தலையில் தண்ணீர் ஊற்றினாற்போல வேர்த்துக் கொட்டியது. இரண்டு முறை வாந்தி எடுத்தாள். இடது தோள் கனமாக இருக்கிறது, ஏதோ ஒரு மாதிரி வருகிறது என்றாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, வெயில் வேறு. கேஸ் என்றேன். ஒரு சோடா வாங்கிக் கொடுத்தேன். கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் கேஸ் மாத்திரையைக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் எழுந்து நடந்தாள். மறுநாள் வேலைக்குப் போனாள். நான் அதை மறந்தேபோனேன்.

புது மாத்திரையை நான் கொடுத்தது அதற்கு மூன்று மாதம் கழித்து.

டாக்டரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "அன்னிக்கே வந்ததா இருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது" என்றார். பிறகு அந்த மாத்திரையைப் பற்றிச் சொன்னார். "இது சுகர நல்லாத்தான் எறக்கும். ஆனா ஒடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கி வெக்கும். இதயம் நல்லா இருக்கறவங்க பெரும்பாலும் தாங்கிக்குவாங்க. லேசா கால் வீங்கும், எடை போடும். இதயம் பலவீனமா இருக்கறவங்களால அந்தத் தண்ணிய எறைக்க முடியாது. அது நுரையீரலுக்கு வந்துடும். அதனாலதான் அவங்களுக்கு இத குடுக்கக் கூடாதுன்னு பெட்டிக்குள்ள தாள்லயே போட்டிருக்காங்க. பாத்ததில்லையா?"

பார்த்ததில்லை. பத்து அட்டை கொண்ட பெட்டிக்கு ஒரு தாள் வரும். தீக்குச்சிப் பெட்டி அளவுக்கு மடித்திருப்பார்கள். பெட்டியைத் திறந்ததும் முதல் வேலையாக அதைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போடுவோம். அது இருந்தால் அட்டைகளை உருவுவது சிரமம். ஒன்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் தாள் என் கையால் கசங்கியிருக்கும்.

அக்கா ஐந்து நாள் அங்கே இருந்தாள். தண்ணீர் பிரியப் பிரிய உடம்பு வடிந்தது. கன்னம் மறுபடி ஒட்டியது. கிளம்புகிற நாள் எடை பார்த்தால் வைகாசிக்கு முன்பு இருந்த எடைக்கே வந்துவிட்டாள். அந்த மாத்திரையை நிறுத்தி, இன்சுலின் ஊசியும் இதயத்துக்கான மாத்திரைகளும் எழுதினார்கள். இதயத்தின் பலம் ஏறக்குறைய பாதிதான் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஊருக்குத் திரும்பி வேலைக்குப் போன முதல் நாள் அந்த மாத்திரையின் புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்தேன். தாளை எடுத்து விரித்தேன். ஒரு முழத்துக்கு மேல் நீண்டது. கொசு மொய்த்தாற்போலப் பொடி எழுத்து, எல்லாம் ஆங்கிலம். கவுன்டரில் ஆள் நிற்பதையும் கவனிக்காமல் விரலை வைத்து வரி வரியாகப் படித்தேன். இருந்தது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று இருந்தது. வீக்கம், எடை கூடுதல், மூச்சுத் திணறல் ஏற்பட்டால் கவனிக்க வேண்டும் என்று இருந்தது. இன்சுலினோடு சேர்த்துப் போடுகிறவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றும் இருந்தது. அக்காவுக்கு நடந்த ஒவ்வொன்றும், நடப்பதற்கு முன்பே, என் பின்னால் இருந்த அலமாரியில் அச்சடித்து மடித்து வைக்கப்பட்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. ஒருவர் தலைவலி மாத்திரை கேட்டார். அதை எடுத்துக் கொடுக்க எனக்கு நேரமாயிற்று.

அன்றிலிருந்து அந்த மாத்திரை வாங்க வருகிறவர்களிடமெல்லாம் கேட்க ஆரம்பித்தேன். கால் வீங்குதா? மூச்சு வாங்குதா? நெஞ்சுக்கு ஏதாவது வைத்தியம் பாத்திருக்கீங்களா?

மங்கலம்பேட்டை பாய் சிரித்தார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. தெனம் நாலு கிலோமீட்டர் நடக்கறேன்" என்று லுங்கியைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலைக் காட்டினார். எலும்பு தெரிந்தது. வீக்கமே இல்லை. அதே மாத்திரை, அதே அளவு. அக்காவைவிட அதிக நாளாகப் போடுகிறவர். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

நல்லூரிலிருந்து வருகிற ஒரு விவசாயி, அறுபதைத் தாண்டியவர், வேட்டியை விலக்கிக் காட்டினார். இரண்டு காலும் வாழைத்தண்டு மாதிரி இருந்தது. "ஒங்க டாக்டர்கிட்ட இந்தக் காலக் காட்டிட்டு அப்பறமா வாங்கிக்குங்க, இப்ப நான் தர மாட்டேன்" என்று திருப்பி அனுப்பினேன்.

மறுநாள் அவருடைய டாக்டரிடமிருந்து கடைக்குப் போன் வந்தது. ஊரில் பேர் பெற்ற டாக்டர். முதலாளி எடுத்தார். பத்து தடவை "சரிங்க சார்" சொன்னார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"நான் எழுதுன மருந்த குடுக்க முடியாதுன்னு சொல்ல நீ யாரு? நீ டாக்டரா?" என்றார் அவர்.

"இல்லிங்க சார்" என்றேன். டாக்டர் என்று நினைத்துக்கொண்டதால் என்ன நடந்தது என்பதை அவரிடம் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. "கால மட்டும் ஒரு தரம் பாருங்க சார்" என்றேன். அவர் வைத்துவிட்டார்.

முதலாளி நல்ல மனிதர். கத்தவில்லை. "யம்மா, கேக்கறதெல்லாம் சரிதான். ஆனா தர மாட்டேன்னு சொல்ற வேல நமக்கு வேணாம்" என்றார். அன்று முழுக்க அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்கா வேலையை விட்டுவிட்டாள். நான் தினமும் கடைக்குப் போகும் வழியில் அவளைப் பார்த்துவிட்டுப் போவேன். ஒரு வார்த்தை அவள் என்னைக் குறை சொல்லவில்லை. மாமாதான் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். ஆனால் அக்காவிடம் ஒரு பழக்கம் புதிதாக வந்திருந்தது. மாதா மாதம் நான் மருந்துப் பையைக் கொடுத்தால், ஒவ்வொரு அட்டையாக எடுத்து மாமாவிடம் கொடுப்பாள். அவர் புதுச்சேரி சீட்டை வைத்துக்கொண்டு பேரை எழுத்துக் கூட்டிப் படித்து ஒத்துப்பார்ப்பார். அவர் தலையை ஆட்டிய பிறகுதான் வாங்கிக்கொள்வாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். என் முகத்துக்கு எதிரிலேயே, எந்தக் கோபமும் இல்லாமல் அதைச் செய்வாள். அது எனக்குக் கன்னத்தில் அறைந்தாற்போல இருக்கும்.

ஒரு நாள் தாங்க முடியாமல் கேட்டேன். "எம்மேல கோவமாக்கா?"

அவள் யோசித்தாள். "ஒம்மேல இல்லடி. எனக்கு அதிர்ச்சியே வேற. அன்னிக்கி மாசி மகத்துல எனக்கு வலிக்கவே இல்லியே. வலிச்சிருந்தா சொல்லியிருக்க மாட்டனா? எம் நெஞ்சு என்கிட்டயே சொல்லலியே. அப்பறம் நான் யார நம்பறது, சொல்லு" என்றாள்.



அடுத்த வருடம் கோடையில் ஒரு காலை, முதலாளி செய்தித்தாளைக் கொண்டுவந்து கவுன்டரில் போட்டார். உள்பக்கத்தில் ஒரு மூலையில் செய்தி. அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்தவர்கள் அந்தச் சுகர் மாத்திரையால் மாரடைப்பு அபாயம் கூடக்கூடும் என்று சொல்லியிருக்கிறார்கள், அங்கே பெரிய விவாதம் நடக்கிறது என்று போட்டிருந்தது. நான் நின்றபடியே இரண்டு முறை படித்தேன். அக்காவுக்கு வந்தது தண்ணீர் கோத்த தொந்தரவு. இதில் சொல்வதோ மாரடைப்பு. அப்படியென்றால் இது இன்னும் பெரிது. கால் வீக்கம் இல்லாதவர்களை என்ன செய்வது? பாயை என்ன செய்வது? எலும்பு தெரிந்த அந்தக் கணுக்காலைப் பார்த்து, இவருக்கு ஒன்றும் ஆகாது என்று நான் நிம்மதியாக இருந்தேனே.

முதலாளி அலமாரியில் இருந்த அந்த மாத்திரைப் பெட்டிகளை எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்தார்.

இரண்டு நாள் கழித்து, கடை திறந்து கூட்டம் சேர்வதற்கு முன், ஒரு கார் வந்து நின்றது. போனில் என்னைத் திட்டிய டாக்டர் இறங்கி வந்தார். இதற்கு முன் அவர் எங்கள் கடைப் படி ஏறியதே இல்லை. முதலாளி எழுந்து நின்றார். டாக்டர் நேரே என்னிடம் வந்தார்.

"இந்த மாத்திரை நான் யார் யாருக்கு எழுதினேன்னு எல்லாம் எனக்கு ஞாபகம் இல்லம்மா. ஒங்களுக்கு மொகம் தெரியும். வந்து வாங்கறவங்க யாருன்னு சொல்லுங்க. எல்லாரையும் கூப்ட்டு ஈ.சி.ஜி எடுத்துப் பாத்துடறேன்" என்றார்.

போன தடவை "நீ யாரு" என்று கேட்ட குரல் இது. அவர் கண் சிவந்திருந்தது. நான் ஒரு நோட்டை எடுத்தேன். பேர் தெரிந்தவர்களுக்குப் பேர் எழுதினேன். தெரியாதவர்களுக்கு அடையாளம் எழுதினேன். மங்கலம்பேட்டை பாய். நல்லூர் விவசாயி. ஸ்டேட் பேங்க் வீதியில் டைலர் கடைக்காரர். ஸ்கூல் டீச்சர் ஒருவர். இப்படிப் பத்தொன்பது பேர் தேறினார்கள். அவர் ஒவ்வொருவராக ஆள் அனுப்பிக் கூப்பிட்டுப் பார்த்தார். பாயின் இதயம் நன்றாக இருந்தது. ஆனாலும் மாத்திரையை மாற்றிவிட்டார். "நல்லாத்தானேம்மா இருந்தேன்" என்று பாய்க்கு என்மேல் வருத்தம். நல்லூர்க்காரருக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் இதயம் பலவீனம் என்று தெரிந்தது. மூவரையும் புதுச்சேரிக்கு அனுப்பினார்.

ஒரே ஒருவரை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற மங்களூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு அம்மா. மாதம் ஒரு முறை வந்து, மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு சீட்டை நீட்டி, மூன்று அட்டை வாங்கிப் போவார். ஊர்ப் பேர் கேட்டதில்லை. எப்படியும் மாதம் பிறந்தால் வருவார் என்று காத்திருந்தேன். கவுன்டரில் அவருக்காக ஒரு துண்டுச் சீட்டும் எழுதி ஒட்டிவைத்தேன், நான் இல்லாத நேரம் வந்தாலும் டாக்டரிடம் அனுப்பச் சொல்லி. அந்த மாதம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு பெண் வந்தாள். கையில் ஒரு பழைய மஞ்சள் பை. அதிலிருந்து ஒரு அட்டையும், பிரித்து நாலு மாத்திரை மிச்சம் இருக்கிற இன்னொரு அட்டையும் எடுத்து வைத்தாள். கூடவே அந்தக் கிழிந்த சீட்டு.

"இது இங்க வாங்குனதுதான. எங்க மாமியாருது. அவங்க தவறிட்டாங்க. இத திருப்பி எடுத்துக்குவீங்களான்னு கேக்கலாம்னு வந்தேன்" என்றாள்.

"என்னா ஆச்சி அவங்களுக்கு?"

"ஒண்ணும் இல்லிங்க. மல்லாட்டச் செடியில கடல ஆஞ்சிகிட்டு இருந்தாங்க. கொல்லையிலயே உக்காந்தாங்க, சாஞ்சிட்டாங்க. வலிக்குதுன்னுகூட சொல்லல" என்றாள்.

மாத்திரையாலா, இல்லை, அவருக்கு வர வேண்டிய வேளை வந்ததா, அது யாருக்குத் தெரியும்? சுகர் இருந்த உடம்பு. எதையும் போடாமலே அப்படிப் போகிறவர்கள் எத்தனையோ பேர். இதையெல்லாம் எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்தப் பெண்ணிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றுவரை தெரியவில்லை. அட்டைகளை வாங்கிக்கொண்டேன். பிரித்த அட்டையைத் திருப்பி எடுக்கும் வழக்கம் கடையில் இல்லை. முதலாளி அதையும் எடுத்துக்கொள்ளும்படிக் கண்ணைக் காட்டினார்.

சில வருடத்தில் அந்த மாத்திரை நம் நாட்டிலேயே நிறுத்தப்பட்டது. அது ஆபத்தா, எவ்வளவு ஆபத்து, யாருக்கு ஆபத்து என்று பெரிய டாக்டர்கள் அதற்குப் பிறகும் வாதாடிக்கொண்டிருந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் அப்போதும் அதே கவுன்டரில்தான் இருந்தேன். சீட்டு இல்லாமல் ஒரு காய்ச்சல் மாத்திரைக்கு மேல் கொடுப்பதில்லை. பெட்டி பிரித்தால் தாளைப் படித்துவிட்டுத்தான் மறுவேலை. புது ரெப்புகளுக்கு அது வேடிக்கையாக இருக்கும்.

அக்காவைப் புதுச்சேரிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூட்டிப்போவோம். மேட்டில் ஏறினால் நின்று நின்றுதான் ஏறுவாள். ஆனால் சமைக்கிறாள், கோவிலுக்குப் போகிறாள், சண்டை போடுகிறாள். ஒரு முறை அந்தப் பெண் டாக்டர் இன்சுலினோடு சேர்த்துப் புதிதாக ஒரு மாத்திரை எழுதினார். சீட்டைக் கிழித்து என்னிடம் நீட்டினார். நான் வாங்குவதற்குள் அக்கா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனாலும் சீட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"டாக்டரம்மா, இது யாருக்கெல்லாம் ஆவாது?" என்று கேட்டாள்.

வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். நாற்காலியை அக்கா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.